மண்கலவை முதல் மூடாக்கு வரை: புதிதாகத் தோட்டம் போடுவோர் கேள்விகள்

ஆடி மாதம் நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் முதன்முறையாகத் தோட்டம் போடுகிறவர்கள் எழுதியவை. நாற்றுப்பண்ணையில் சொன்னது புரியவில்லை, விதைப் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது புரியவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் வீடியோவில் வருவதும் வேறுவேறாக இருக்கின்றன என்று எழுதுகிறார்கள். அப்படி வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேருக்கு ஈரம், காற்று, உணவு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். கீழே வரும் சொற்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைக் கவனிக்கும் வேலையின் பெயர்கள். எந்த வேலை எதற்காக என்று தெரிந்துவிட்டால், கடையில் அடுக்கி வைத்திருக்கும் புட்டிகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

கேள்வி: “தோட்டத்து மண்ணை அப்படியே பையில் போடாதீர்கள், மண்கலவை போடுங்கள்” என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கோகோபீட் கட்டாயமா?
– இல்லத்தரசி, தாம்பரம்

தரையில் இருக்கும் மண்ணில் மண்புழுவும் வேர்களும் ஓயாமல் துளை போட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கும், காற்று உள்ளே போகும். அதே மண்ணைப் பைக்குள் அடைத்து நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களிலேயே இறுகிவிடும். தண்ணீர் மேலேயே நிற்கும், வேருக்குக் காற்று கிடைக்காது. இதைத் தவிர்க்கத்தான் மண்கலவை.

செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு என்பது புதியவர்கள் நம்பிச் செய்யக்கூடிய அளவு. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கையும் கலந்துவிடுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து அதன்பின் விதையுங்கள்.

கோகோபீட் என்பது தேங்காய் மட்டையிலிருந்து நார் உரிக்கும்போது உதிரும் தூள். தென்னைநார்க் கழிவு என்று கிராமங்களில் சொல்வதும் இதைத்தான். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், மண்ணை இறுக விடாது, பையின் எடையையும் குறைக்கும். இந்த எடை விஷயம் மாடியில் முக்கியம். 20 லிட்டர் பையை வெறும் மண்ணால் நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டிவிடும். ஆனால் கோகோபீட்டில் உணவுச் சத்து மிகக் குறைவு. வெறும் கோகோபீட்டில் செடி நட்டுவிட்டு வளரவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர். இன்னொன்று, அதில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து, தண்ணீரைப் பிழிந்து கொட்டி, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். தொழு உரம் தாராளமாகக் கிடைத்து, தளமும் உறுதியாக இருந்தால் கோகோபீட் இல்லாமலும் சமாளிக்கலாம். அது கட்டாயம் இல்லை.

கலவை சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஈரமான கலவையை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரல்களைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டை விரலால் மெல்லத் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராமல் களிமண்போல் ஒட்டிக்கொண்டால் காற்றோட்டம் போதாது, இன்னும் கொஞ்சம் கோகோபீட்டோ மணலோ சேருங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் ஈரம் தங்காது, தொழு உரத்தைக் கூட்டுங்கள்.

கூடவே ‘வடிகால்’ என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழிதான் வடிகால். பையின் அடிப்பக்கத்தில் துளைகள் இருக்கின்றனவா, அவை தரையோடு ஒட்டி அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பைகளைச் செங்கல் மீதோ பலகை மீதோ தூக்கி வைத்தால் தண்ணீர் எளிதாக வடியும், தளத்திலும் ஈரம் தேங்காது.

கேள்வி: தொழு உரம், மண்புழு உரம், பிண்ணாக்கு, பஞ்சகவ்யம் என்று நான்கைந்து சொல்கிறார்கள். எல்லாமே உரம்தானே? ஒன்றை மட்டும் போட்டால் போதாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

ஐயா, இவை ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

தொழு உரம் என்பது மாட்டுச் சாணமும் கோமியமும் வைக்கோலும் குப்பையும் சேர்ந்து மாதக்கணக்கில் மக்கியது. சத்து மெதுவாகத்தான் கிடைக்கும். அதன் பெரிய பயன், மண்ணைப் பொலபொலப்பாக்குவதும் நுண்ணுயிர்களுக்கு வீடு கொடுப்பதும். இங்கே ‘மக்கிய’ என்பது முக்கியமான சொல். சாண நாற்றம் போய், கறுத்து, புது மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் மக்கிவிட்டது என்று பொருள். பச்சைச் சாணத்தைச் செடியின் அடியில் போட்டால், அது மக்கும்போது வெளிவரும் சூடும் அம்மோனியாவும் இளம் வேரைக் கருக்கிவிடும். வேர்ப்புழுவும் வரும்.

மண்புழு உரம், கழிவைப் புழு தின்று வெளியேற்றியது. தொழு உரத்தைவிடச் சத்துச் செறிவு அதிகம், உடனே செடிக்குக் கிடைக்கும். மாதம் ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மேலாக இட்டுக் கிளறிவிட்டால் போதும்.

பிண்ணாக்கு, எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் சக்கை. கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து அதிகம். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை எடுத்து, நன்றாக நீர்க்கச் செய்து ஊற்றலாம். வேப்பம்பிண்ணாக்கு, உரமாகவும் இருந்து வேர்ப்புழு, நூற்புழுத் தொல்லையையும் குறைக்கும்.

பஞ்சகவ்யம், வளர்ச்சியைத் தூண்டும் கரைசல். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகிய ஐந்தும் அடிப்படை. வெல்லம், இளநீர், வாழைப்பழமும் சேர்த்து ஊறவைப்பார்கள். கொடுமுடி டாக்டர் கே. நடராஜனின் முயற்சியால் இது தமிழக விவசாயிகளிடம் பரவலானது. இதை 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்வார்கள். அதாவது 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. ஆனால் இது மண்ணில் இடும் உரத்துக்கு மாற்று இல்லை.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் தயக்கமே வேண்டாம், நன்கு மக்கிய தொழு உரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் தக்காளிச் செடி ஆளுயரம் வளர்ந்து பச்சைப்பசேல் என்று நிற்கிறது. பூவே இல்லை. “தழைச்சத்து கூடிவிட்டது” என்றார் கடைக்காரர். அப்படியென்றால் என்ன? உரப் பையில் 19:19:19 என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?
– கல்லூரி மாணவர், ஈரோடு

தம்பி, கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செடிக்கு அதிக அளவில் தேவைப்படும் சத்துகள் மூன்று. தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். மணிச்சத்து வேர்ப் பிடிப்புக்கும் பூ, விதைக்கும் உதவும். சாம்பல்சத்து காயின் தரத்துக்கும் நோய் தாங்கும் வலிமைக்கும் வேண்டும். ஆங்கிலத்தில் என்.பி.கே. என்று சொல்வது இந்த மூன்றையும்தான். உரப் பையில் இருக்கும் எண்கள் இதே வரிசையில் வரும் சதவீதங்கள். 19:19:19 என்றால் மூன்றும் நூற்றுக்கு 19 பங்கு என்று பொருள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை. அதனால்தான் யூரியா போட்ட செடி இலையாகவே பெருகுகிறது.

அடிக்கடி கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ, மீன் கழிவிலிருந்து செய்யும் மீன் அமிலமோ ஊற்றினாலும் இதே நிலை வரும். இப்போது அவற்றை நிறுத்திவிடுங்கள். பைக்கு ஒரு பிடி எலும்புத்தூள் இடுங்கள், மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி விறகுச் சாம்பல் தூவினால் சாம்பல்சத்து கிடைக்கும், அதற்கு மேல் வேண்டாம், மண்ணின் காரத்தன்மை கூடிவிடும். செடி நிற்கும் இடத்தில் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள். நிழலில் நிற்கும் தக்காளியும் வெளிச்சம் தேடி நெட்டையாக வளரும், பூக்காது.

கேள்வி: விதை வாங்கப் போனால் நாட்டு விதையா, ஹைபிரிடா என்கிறார்கள். பாக்கெட்டில் எஃப்1, பிகேஎம், அர்கா என்று ஏதேதோ இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வங்கி ஊழியர், மதுரை

எஃப்1 ஹைபிரிட் என்பது குணம் தெரிந்த இரண்டு வெவ்வேறு பெற்றோரைச் சேர்த்து உருவாக்கிய முதல் தலைமுறை விதை. வளர்ச்சி சீராக இருக்கும், விளைச்சலும் கூடுதலாக இருக்கும். அதன் காயிலிருந்து விதை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. ஒரு செடி தாத்தாவைப்போல், இன்னொன்று பாட்டியைப்போல் என்று பிரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டும்.

நாட்டு விதையிலும், பல்கலைக்கழகங்கள் வெளியிடும் ரகங்களிலும் நாமே விதை எடுத்து வைக்கலாம். பெயரின் முன்னால் ‘கோ’ என்று இருந்தால் கோயம்புத்தூர், ‘பிகேஎம்’ என்றால் பெரியகுளம். இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வெளியீடுகள். ‘அர்கா’ என்பவை பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள், ‘பூசா’ என்பவை டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள். ஆனால் இந்தப் பெயர்களிலும் ஹைபிரிட் உண்டு. அர்கா ரக்‌ஷக் தக்காளி எஃப்1 தான். ஆகவே பெயரோடு எஃப்1 என்ற குறியையும் தேடிப் பாருங்கள்.

பாக்கெட்டின் பின்புறம் இரண்டைக் கட்டாயம் படியுங்கள். முதலாவது முளைப்புத்திறன். நூறு விதையில் எத்தனை முளைக்கும் என்ற கணக்கு அது. சான்று பெற்ற விதை என்றால் தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டாவது காலாவதித் தேதி. விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் பூஞ்சாணக் கொல்லி கலந்தது என்று பொருள். கையைக் கழுவுங்கள், குழந்தைகள் எடுக்க விடாதீர்கள்.

விதை எடுத்துப் பழக நினைப்பவர்கள் தக்காளி, கத்தரி, அவரையிலிருந்து தொடங்கலாம். இவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை, குணம் அவ்வளவாக மாறாது. பூசணி, சுரை வகைகளில் தேனீ கொண்டுவரும் வேறு ரக மகரந்தம் கலந்துவிடும்.

கேள்வி: எல்லா விதையையும் நாற்றுவிட்டு நட வேண்டுமா? விதைநேர்த்தி என்றால் என்ன?
– செவிலியர், திருநெல்வேலி

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்றுவிட்டு நட வேண்டியவை. விதை சிறியது, முளையும் மென்மையானது. ஒரே இடத்தில் வைத்துப் பாதுகாப்பாக வளர்த்து, பிறகு நடுவதுதான் நல்லது. அப்படி வளர்க்கும் இடம் நாற்றங்கால். மாடியில் குழித்தட்டு அந்த வேலையைச் செய்யும். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு வரும், கத்தரிக்கு 30 நாளுக்கு மேல் ஆகும், மிளகாய்க்கு 40 நாள்வரை பொறுக்க வேண்டும்.

வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை, பூசணி வகைகளை நேரடியாகப் பையிலேயே விதையுங்கள். முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப்போகும். விதையின் பருமனைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டால் போதும்.

விதைநேர்த்தி என்பது விதைப்பதற்கு முன் விதைக்குக் கொடுக்கும் பாதுகாப்பு. சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, அல்லது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம், இரண்டில் ஒன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விதைக்கலாம். நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்வதை இது பெருமளவு தடுக்கும். சாயம் பூசிய விதைக்கு இது வேண்டாம்.

நாற்று நடும்போது மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நட்டவுடன் ஊற்றுவது நடவுத் தண்ணீர். மூன்றாம் நாள் ஊற்றுவதை உயிர்த்தண்ணீர் என்பார்கள். நட்ட அதிர்ச்சியிலிருந்து மீண்டு வேர் புது மண்ணைப் பிடிக்கும் நேரம் அது. அன்று பை காய்ந்திருக்கக் கூடாது.

கேள்வி: ஆடிப்பட்டம் என்கிறார்கள். மாடியில் வளர்க்கும் பைச் செடிக்கும் பட்டம் உண்டா?
– மளிகைக் கடைக்காரர், விழுப்புரம்

உண்டு. பட்டம் என்றால் ஒரு பயிரை விதைக்க ஏற்ற பருவம். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் தெளிவானது. ஆடியில் கோடை வெப்பம் தணியத் தொடங்கும். அப்போது விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வருமுன் செடி வேர் பிடித்து வலுவாகிவிடும். பைக்குள் மண்ணும் தண்ணீரும் உங்கள் கையில் இருக்கலாம், வெயிலும் மழையும் காற்றின் ஈரப்பதமும் உங்கள் கையில் இல்லை. அதனால் பட்டம் மாடிக்கும் பொருந்தும்.

ஆடியில் வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், அவரை, கொடி வகைகள் என்று பெரும்பாலானவற்றைப் போடலாம். தைப்பட்டமும் நல்ல பருவம்தான். சமவெளியில் காரட், முட்டைக்கோசு, காலிஃபிளவர் வேண்டும் என்றால், மழைக்காலமும் பனிக்காலமும் அவற்றுக்குக் கிடைக்கும்படி ஆவணி, புரட்டாசியில் நாற்றையோ விதையையோ தயார் செய்யுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிழல்வலை இல்லாமல் இறங்க வேண்டாம்.

கேள்வி: தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறது. மூடாக்குப் போடுங்கள் என்றார் ஒருவர். அது என்ன?
– தையல் தொழிலாளி, திருப்பூர்

தண்ணீர் போதாமல் வாடும் செடியும், தண்ணீர் மிகுந்து வேர் அழுகி வாடும் செடியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தும் செடி வாடினால் தண்ணீரை நிறுத்தி வடிகாலைக் கவனியுங்கள். பூசணி, சுரை இலைகள் உச்சி வெயிலில் துவண்டு, மாலையில் தாமாக நிமிர்ந்தால் அது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மூடாக்கு என்பது மண்ணின் மேற்பரப்பைக் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, தேங்காய் மட்டை போன்றவற்றால் மூடி வைப்பது. இயற்கை வேளாண்மையைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்ற நம்மாழ்வார் ஓயாமல் வலியுறுத்தியவற்றில் இதுவும் ஒன்று. வெயில் நேரடியாக மண்ணில் படாததால் ஈரம் தங்கும், வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும், களை குறையும், கடைசியில் அதுவே மக்கி உரமும் ஆகும். இரண்டு அங்குலக் கனம் போதும். தண்டை ஒட்டி மட்டும் போடாமல் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். செலவே இல்லாத இந்த ஒரு வேலையைத்தான் புதியவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: சுரைக்கொடியில் பூ நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. 3ஜி கட்டிங் செய்யுங்கள் என்கிறார்கள்.
– அஞ்சலக ஊழியர், தஞ்சாவூர்

முதலில் ஆண்பூ, பெண்பூ எது என்று பார்க்கப் பழகுங்கள். பூவைத் திருப்பி அதன் காம்பைப் பாருங்கள். காம்பு மெல்லியதாக நேராக இருந்தால் ஆண்பூ. பூவுக்கு அடியில் ரோமம் படிந்த விரல்நுனி அளவு குட்டிச் சுரைக்காய் இருந்தால் பெண்பூ. கொடியில் முதலில் வருபவை ஆண்பூக்கள்தான். அவை உதிர்வது இயற்கை.

பெண்பூவும் வந்து, பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று பொருள். சுரையும் பீர்க்கும் மாலையில் பூக்கும், பூசணி அதிகாலையில் பூக்கும். அந்தந்த நேரத்தில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுப்பகுதியில் மெதுவாகத் தடவுங்கள். சேர்க்கை நடந்திருந்தால் சில நாளிலேயே பிஞ்சு பருக்கத் தொடங்கும்.

3ஜி கட்டிங் என்பது நுனி கிள்ளுவதன் புதுப் பெயர். முதல் தண்டின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். அவற்றின் நுனியையும் கிள்ளினால் மூன்றாம் தலைமுறைக் கிளைகள் வரும். சுரையில் பக்கக் கிளைகளில் பெண்பூக்கள் அதிகம் என்பதால் காயும் கூடும். ஆனால் அத்தனை கிளைக்கும் உணவு கொடுக்க வேர் வேண்டும். சிறிய பையில் இருக்கும் கொடியை இப்படிக் கிள்ளினால் கிளைகள் மட்டும்தான் மிஞ்சும். கொடிகளுக்குக் குறைந்தது 18 அங்குலப் பையாவது கொடுங்கள். தக்காளியிலும் கவனம் வேண்டும். பிகேஎம் 1 போன்ற குட்டை ரகத்தில் பக்கக் கிளைகளைக் கிள்ளினால் விளைச்சல்தான் குறையும்.

கேள்வி: மிளகாய் இலை சுருண்டுவிட்டது. ஒருவர் இலைப்பேன் என்கிறார், ஒருவர் அசுவினி என்கிறார். எதற்கு என்ன மருந்து?
– விசைத்தறி உரிமையாளர், சேலம்

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, கிளையைத் தட்டுங்கள். கோடுபோல மெலிந்த மஞ்சள் பூச்சிகள் தாளில் ஓடினால் இலைப்பேன். இலைப்பேன் தாக்கினால் இலை மேல்நோக்கிச் சுருளும். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து படகைக் கவிழ்த்ததுபோல் இருந்தால் அது சிலந்திப்பேனின் வேலை, அதைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். அசுவினி கொழுந்தில் கூட்டமாக அப்பியிருக்கும், கண்ணுக்கே தெரியும். பஞ்சுபோல் வெள்ளையாகக் கணுக்களில் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. மாவுப்பூச்சி இருக்கும் இடத்தில் எறும்பும் இருக்கும், எறும்பை விரட்டாமல் அது போகாது.

சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சிகளுக்குத் தொடக்க நிலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் கைகொடுக்கும். 5 மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசலை விட்டு முதலில் நன்றாகக் கலக்குங்கள். பால்போல் வெளுத்ததும் 1 லிட்டர் தண்ணீரில் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும், இலையைக் கருக்கிவிடும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் அதற்கு முன்பே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பாதி ஒழியும். பொறிவண்டு தென்பட்டால் ஒன்றும் செய்யாதீர்கள். அது அசுவினியைத் தின்று உங்கள் வேலையைக் குறைக்கும்.

கேள்வி: இத்தனையும் படித்த பிறகு எதில் தொடங்குவது என்று குழப்பமாக இருக்கிறது. ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, நாகர்கோவில்

ஐந்து பைகள் போதும், அம்மா. ஒன்றில் தண்டுக்கீரையோ அரைக்கீரையோ தூவுங்கள். இரண்டில் வெண்டை, ஒன்றில் கத்தரி, ஒன்றில் மிளகாய் நடுங்கள். கீரை மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வரும், வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். காத்திருக்கும் காலத்திலேயே விளைச்சலைப் பார்க்க முடிவதால் ஆர்வம் குறையாது. கலவையை நன்றாகப் போட்டு, மூடாக்கை மறக்காமல் வைத்து, விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் முதல் பட்டத்துக்கு வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. இந்த ஐந்தும் காய்த்து முடிந்த பிறகு பைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். முதல் நாளிலேயே ஐம்பது பைகளோடு தொடங்கி மூன்றாம் மாதம் கைவிட்ட மாடிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. உங்கள் மாடி அந்தக் கணக்கில் சேரக் கூடாது என்பதுதான் என் விருப்பம்.